தெளிப்பா, முழுக்கா?

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் நான்கு பேர் தாராளமாக உட்காரலாம். ஆனால் அந்த ஒரு வருஷம் இரண்டு பேர்கூட அதில் ஒழுங்காக உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை. பாதி மேஜையைப் புத்தகங்கள் பிடித்துக்கொண்டிருந்தன. தமிழ் வேதாகமம் ஒன்று, ஆங்கில வேதாகமம் ஒன்று, தலையணை கனத்தில் கிரேக்க அகராதி ஒன்று. அந்த அகராதியை என் கணவர் லஸ் முனையில் பிளாட்பாரத்துப் பழைய புத்தகக் கடையில் பேரம் பேசி வாங்கி, மந்தைவெளி வரைக்கும் தோளில் சுமந்துகொண்டு வந்தார். வாங்கிய காரணம் பக்தி இல்லை. என்னை வாதத்தில் ஜெயிக்க வேண்டும், அவ்வளவுதான்.

நான் கேட்டது முழுக்கு ஞானஸ்நானம். நாங்கள் இருவரும் பிறந்து வளர்ந்த பழைய சபையில், கைக்குழந்தையாக இருக்கும்போதே ஆயர் நெற்றியில் தண்ணீர் தெளித்து ஞானஸ்நானம் கொடுத்துவிடுவார். ஆயுளுக்கும் அது போதும் என்பது அவர்கள் கணக்கு. நானோ மந்தைவெளியில் ஒரு மாடியில் நடந்த ஜெபக்கூட்டத்துக்கு வெள்ளிக்கிழமைகளில் போக ஆரம்பித்திருந்தேன். அங்கே கணக்கு வேறு. வளர்ந்த ஆள், மனதறிந்து, தானே கேட்டு, தண்ணீருக்குள் முழுசாக முழுகி எழுந்தால்தான் அது ஞானஸ்நானம். சின்ன வயதில் தெளிக்கப்பட்டவர் பெரியவராகி மறுபடி முழுகினால், பழைய சபைக்காரர்களுக்கு முகம் சுண்டிவிடும். பெற்றவர்கள் செய்துவைத்ததைச் செல்லாது என்று சொன்ன மாதிரி எடுத்துக்கொள்வார்கள். இதனால் பேச்சுவார்த்தை நின்றுபோன அண்ணன் தங்கைகளை எனக்கே தெரியும்.

எனக்கு அம்மா அப்பா செய்ததில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் என் பெயரை யாரோ வைத்தார்கள். என்ன படிப்பது என்று அப்பா சொன்னார். தி. நகரில் பள்ளிக்கூட வேலையை மாமா பார்த்துக் கொடுத்தார். கல்யாணத்தை இரண்டு வீட்டுப் பெரியவர்களும் பேசி முடித்தார்கள். அதில் எனக்கு லாபம்தான் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இருந்தாலும், கடவுள் விஷயத்திலாவது ஒன்றை நானே கேட்டு நானே செய்ய வேண்டும் என்று முப்பத்தைந்து வயதில் ஓர் ஆசை வந்தது. அதோடு இன்னொன்றும் ஒட்டிக்கொண்டு வந்தது. அன்றைக்கு இவர் என் பக்கத்தில் இருக்க வேண்டும். இவர் இல்லாமல் நான் முழுகி எழுந்தால் அது எனக்குப் பாதி ஞானஸ்நானம்தான்.

இவருக்கு ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறையில் வேலை. இயந்திர உதிரிபாகங்களை அளந்து பார்த்து, இது சரி, இது தள்ளுபடி என்று பிரித்து வைக்கிற வேலை. அதே கையோடு வீட்டுக்கு வருவதால், நான் எதைச் சொன்னாலும் "ஆதாரம் என்ன?" என்பார். சாயங்காலம் எனக்கு முன்னாலேயே வந்துவிடுவார். நான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்ததும் "வந்துட்டியா?" என்று கேட்பார். எதிரே நிற்கிறவளைப் பார்த்து இது என்ன கேள்வி என்று புதிதில் எனக்குச் சிரிப்பு வரும். பஸ் தாமதமானால் ஸ்டாப்பிலேயே வந்து நின்றுகொண்டு அதே கேள்வி. "இல்லீங்க, இன்னும் வரலை" என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். மனிதர் சிரிக்க மாட்டார். "வந்துட்டேன்" என்று நான் வாயைத் திறந்து சொன்ன பிறகுதான் பையைக் கையில் வாங்கிக்கொள்வார்.

அதற்குக் காரணம் உண்டு. கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை சொன்னார். இவர் பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோது, கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த அண்ணன் ஒரு விடுமுறை நாளில் இவரைப் பெசன்ட் நகர் கடற்கரைக்குக் கூட்டிப் போனார். சட்டையையும் செருப்பையும் கழற்றித் தம்பி கையில் கொடுத்தார். "பிடிச்சுக்கோடா, இப்ப வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீரில் இறங்கினார். வரவில்லை. யாரோ பெரியவர்கள் வந்து இழுத்துக்கொண்டு போகும்வரை இவர் அந்தச் செருப்பைப் பிடித்துக்கொண்டே நின்றாராம். அதற்குப் பிறகு இவர் கடல் பக்கம் போனதே இல்லை. காற்று திரும்பினால் கடல் வாசனை அடிக்கிற இடத்தில் எங்கள் வீடு. ஊரிலிருந்து வருகிற விருந்தாளிகள் பீச் பார்க்க வேண்டும் என்றால் என்னோடு அனுப்பிவிட்டு, இவர் வீட்டில் மின்விசிறியைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

ஜெபக்கூட்டம் நடந்த மாடியில் ஞானஸ்நானத் தொட்டி கிடையாது. பெசன்ட் நகர் கடலில் விடியற்காலையில் வைத்துத்தான் கொடுப்பார்கள். இதை நான் முதல் நாளே இவரிடம் சொன்னேன். கடல் என்ற சொல்லை இவர் காதில் வாங்கிய மாதிரியே தெரியவில்லை. "தெளிச்சா செல்லாதுன்னு எங்க போட்டிருக்கு? ஆதாரம் என்ன?" என்றுதான் கேட்டார். அடுத்த சனிக்கிழமை அகராதி வீட்டுக்கு வந்துவிட்டது. ஆகவே எங்கள் சண்டை வார்த்தைச் சண்டை என்றே நானும் நம்பினேன்.

வேலை நடந்த விதம் இது. தமிழில் வசனத்தைப் பார்ப்போம். அதே வசனத்தை ஆங்கிலத்தில் எடுப்போம். அந்த ஆங்கில வேதாகமத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் பொடி எழுத்தில் ஓர் எண் இருக்கும். அந்த எண்ணை அகராதியில் தேடினால் கிரேக்க மூலச்சொல் கிடைக்கும். நாங்கள் எடுத்துக்கொண்ட சொல் 'பாப்டிசோ'. தமிழில் ஞானஸ்நானம் என்று படிக்கும்போது கோயில் மணி அடிக்கிற மாதிரி இருக்கிறது. கிரேக்கத்தில் அது துணி தோய்க்கிறவர்களும் சமையல் செய்கிறவர்களும் வீட்டில் புழங்கிய சாதாரணச் சொல் என்று தெரிந்தபோது எங்கள் இருவருக்குமே ஆச்சரியம். இவர் அந்தச் சொல் வருகிற இடங்களை ஒவ்வொன்றாக எடுத்து, பட்டறையில் உதிரிபாகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற மாதிரி பார்ப்பார்.

"இங்க பாரு, யூதருங்க சாப்பாட்டுக்கு முன்னாடி கை கழுவறதுக்கும் இதே சொல்தான். மணையைக் கழுவறதுக்கும் இந்தச் சொல்லோட சொந்தக்காரச் சொல்தான். மணைன்னா அவங்க படுத்துக்கிட்டே சாப்பிடற கட்டில். தினமும் கட்டிலைத் தூக்கிட்டுப் போய்க் குளத்துல முக்கியெடுத்தாங்களாக்கும்?"

"யோவான் எதுக்குத் தண்ணி நிறைய இருக்கிற இடமாப் பாத்துப் போய் ஞானஸ்நானம் கொடுத்தாரு? தெளிக்கிறதுன்னா ஒரு சொம்பு போதுமே" என்பேன் நான்.

"கூட்டம் ஜாஸ்தி. குடிக்கத் தண்ணி வேணாமா?"

"கேட்டா உடனே ஒரு பதில் வெச்சிருப்பீங்களே!"

சாம்பார் ஆறிப்போகும். அதைச் சூடு பண்ணிக்கொண்டே அடுத்த வசனத்துக்குப் போவோம். கிரேக்க எழுத்துகளை நான் சீக்கிரம் கற்றுக்கொண்டேன். இவர் எழுதினால் 'க்ஸி' என்ற எழுத்து ஜிலேபி மாதிரி சுற்றிக்கொள்ளும். வாத்தியார் புத்தி போகாமல் நான் சிவப்பு மையில் திருத்துவேன். கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் நாங்கள் எதிரெதிரே உட்கார்ந்து அவ்வளவு நேரம் பேசியதே கிடையாது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. பேச வேண்டியது எல்லாம் பேசி முடித்துவிட்ட மாதிரி ஆகியிருந்த வீடு அது. அங்கே தினமும் சாயங்காலம் சண்டை போட ஒரு சொல் கிடைத்தது எனக்குப் பண்டிகை மாதிரி இருந்தது. வீட்டுக்கு நடந்து வரும்போதே இன்றைக்கு இவரை எதில் மடக்கலாம் என்று யோசித்துக்கொண்டே வருவேன்.

கீழ்வீட்டு மாமிக்கு எங்கள் சத்தம் கேட்கும். ஒரு நாள் கறிவேப்பிலை கேட்டு மேலே வந்தவர் மேஜையைப் பார்த்து மோவாயில் கை வைத்தார்.

"என்னடி, உங்காத்துக்காரர் ஏதாவது பரீட்சை எழுதறாரா?"

விஷயத்தைச் சொன்னேன். மாமிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"நாங்க காசிக்குப் போனா மூக்கைப் பிடிச்சுண்டு முழுகுவோம், தலையைத் துவட்டிண்டு வந்து காபி குடிப்போம். நீங்க ஒரு முழுக்குக்கு ஒரு வருஷமா புஸ்தகம் பாக்கறேளே!"

இவர் மாமியிடம் ரொம்ப மரியாதையாக, "ஆதாரம் இல்லாம எதுவும் செய்யக் கூடாது இல்லையா மாமி" என்றார். மாமி கறிவேப்பிலையை மறந்துவிட்டுப் போய்விட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கோயில் ஆராதனைக்குப் போய்வந்து சாப்பிட்டு முடித்திருந்தோம். மழை வருகிற மாதிரி இருட்டிக்கொண்டு இருந்தது. அகராதியில் அந்தச் சொல்லுக்கான பகுதி ஒன்றரைப் பக்கம். அதுவரை வேதாகமத்தில் வருகிற இடங்களைத்தான் பார்த்திருந்தோம். வெளியே, பழைய கிரேக்கர்கள் எழுதியவற்றில் அந்தச் சொல் எப்படியெல்லாம் வருகிறது என்று பின்பகுதியில் போட்டிருந்தது. இவர் சத்தமாக வாசித்துத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். முக்குதல். தோய்த்தல். கழுவுதல். பிறகு நிறுத்திவிட்டார்.

"மேல படிங்க."

புத்தகத்தை என் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து ஜன்னலுக்குப் போனார். நான் விரலை வைத்துத் தேடி வாசித்தேன். கப்பல்கள் கடலில் மூழ்கியதைச் சொல்லவும், மனிதர்கள் தண்ணீரில் மூழ்கிப் போனதைச் சொல்லவும் அவர்கள் இதே சொல்லைப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று இருந்தது.

ஜெயித்துவிட்டேன் என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. "பாத்தீங்களா! கப்பலே முழுகியிருக்கு. தெளிச்சா கப்பல் முழுகுமா?" என்று கத்தியேவிட்டேன். கத்திவிட்டுத்தான் இவரைத் திரும்பிப் பார்த்தேன். இவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கம்பியைப் பிடித்திருந்த விதம், கையிலிருந்து யாரோ எதையோ வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பது போல இருந்தது. மாதக்கணக்காக நாங்கள் போட்டது வார்த்தைச் சண்டை இல்லை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"அண்ணனா?" என்றேன்.

இவர் தலையை மட்டும் ஆட்டினார். கம்பியை விடாமலே சொன்னார். "நீ முழுகு. நான் தடுக்கலை. ஆனா என்னால அங்க நின்னு பாத்துக்கிட்டிருக்க முடியாது. நீ தலையை உள்ள விட்டு வெளிய எடுக்கறதுக்குள்ள எனக்கு என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது."

"அப்ப எனக்கு வேணாம்."

"அதுவும் வேணாம். எனக்காகன்னு நீ விட்டுட்டா, அது எனக்குக் காலம் பூரா உறுத்தும்."

இப்படிப் பேசுகிறவரிடம் எப்படிச் சண்டை போடுவது? புத்தகங்களை மூடி வைத்தோம். மேஜை காலியானது. எதிரெதிரே வசதியாக உட்கார்ந்து சாப்பிட்டோம். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஜெபக்கூட்டத்துப் பாஸ்டரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் நல்ல மனிதர். "தொட்டி இருக்கிற சபை ஒண்ணு இருக்கும்மா, கேட்டுப் பாக்கறேன்" என்றார். வீட்டுக்கு வந்து இவரிடம் அதைச் சொன்னேன். இவர் யோசித்துவிட்டு, "தொட்டின்னாலும் தலைக்கு மேல தண்ணிதானே" என்றார். பிறகு அந்தப் பேச்சே எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. ராத்திரி தலையணையில் முகத்தை வைத்துக் கொஞ்சம் அழுதேன். இவர் மேல் கோபம் என்று சொல்ல முடியாது. அந்தக் கடலின் மேல் கோபம்.

அதன் பிறகு இவர் வீட்டுக்குத் தாமதமாக வர ஆரம்பித்தார். நான் வந்து கதவைத் திறந்தால் "வந்துட்டியா?" என்று கேட்க ஆள் இருக்காது. பட்டறையில் வேலை அதிகம் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு நாள் துணி துவைக்கப் போனபோது, இவருடைய பேன்ட்டின் கீழ்மடிப்பிலிருந்து மணல் கொட்டியது. ஒரு கைப்பிடி இருக்கும். கேட்காமல் எப்படி இருப்பது?

"இது என்னங்க?"

மாட்டிக்கொண்ட முகத்தோடு உட்கார்ந்து சொன்னார். அடையாறில் பஸ்ஸை விட்டு இறங்கிப் பெசன்ட் நகருக்கு நடந்து போயிருக்கிறார். முதல் நாள் சாலையைத் தாண்ட முடியவில்லை, திரும்பி வந்துவிட்டார். மறுநாள் மணல் வரை. அப்புறம் ஒரு நாள், வலை பிரித்துக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, எந்த இடத்தில் தண்ணீர் இடுப்புக்கு மேல் வராது என்று கேட்டிருக்கிறார். அந்த மனிதர் குடும்பத்தோடு வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவராம். ஞானஸ்நானம் என்றதும் வலையைக் கீழே வைத்துவிட்டாராம்.

"'இந்தாண்ட வாணாம் சார், குழி கீது. அந்தாண்ட மணல் மேடு. அலை உள்ள வாங்கிக்கினு போம்போது எறங்குங்க. அம்மாக்கு ஒண்ணும் ஆவாது'ன்னாரு." மீனவர் சொன்னதை இவர் அதே ராகத்தில் சொல்லிக் காட்டினார். பிறகு மேஜையைப் பார்த்துக்கொண்டு, "கடல்லயே வெச்சுக்கோ. இடம் பாத்தாச்சு" என்றார்.

அந்த மணலைக் குப்பையில் போட மனம் வரவில்லை. துளசிக்கென்று மாமி கொடுத்திருந்த தொட்டியில் கொட்டிவிட்டு வந்தேன்.

முழுக்குக்கு நகை, பூ எதுவும் கூடாது. வெள்ளைப் புடவை கட்ட வேண்டும். முந்தின நாள் அதைக் கொடியில் போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு மாமி ஓடி வந்தார். "ஆத்துக்காரர் குத்துக்கல்லு மாதிரி இருக்கச்சே என்னடி இது வெள்ளைப் புடவை?" அவரைச் சமாதானப்படுத்தப் பெரும்பாடு பட்டேன். கடைசியில் அவரே தன் டப்பாவைத் திறந்து, தண்ணீரில் புடவை மேலே மிதந்து வராமல் இருக்க ஊக்குகள் எடுத்துக் கொடுத்தார். எங்கெங்கே குத்த வேண்டும் என்பதும் காசி அனுபவத்தில் அவருக்குத் தெரிந்திருந்தது.

விடிகிற நேரம் கடற்கரையில் ஜெபக்கூட்டத்துக்காரர்கள் கொஞ்சம் பேர் நின்று பாடினார்கள். அந்த மீனவரும் தூரத்தில் படகில் சாய்ந்துகொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு முன்னால் இரண்டு பேர் முழுகி எழுந்தார்கள். என் முறை வந்தது. செருப்பைக் கழற்றி, வீட்டில் பையை நீட்டுகிற பழக்கத்தில், இவரிடம் நீட்டிவிட்டேன்.

இவர் கை வரவில்லை. செருப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இதை நான் பிடிச்சுக்க மாட்டேன்" என்றார். என் கையிலிருந்து வாங்கி மணலில் வைத்தார். தன் செருப்பையும் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தார். பேன்ட்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டு, எனக்கு முன்னால் தண்ணீரில் இறங்கினார்.

பாஸ்டர் என் ஒரு பக்கம் நின்றார். மற்றொரு பக்கம் உதவிக்கு நிற்க வேண்டியவர் இவரைப் பார்த்ததும் ஒதுங்கிக்கொண்டார். இவர் ஒரு கையை என் பிடரியில் வைத்தார். பாஸ்டர் ஜெபித்துவிட்டு என்னைப் பின்னால் சாய்த்தார். வானம் தெரிந்தது, காதில் தண்ணீர் ஏறியது, அடுத்த நொடி நான் வெளியே நின்றுகொண்டிருந்தேன். பாஸ்டர் தூக்குவதற்கு முன்னால் இவர் தூக்கிவிட்டார். வெடுக்கென்று தூக்கினதில் ஓர் ஊக்கு தெறித்தேவிட்டது.

பாஸ்டருக்குச் சங்கடம். "அம்மாவுக்கு நெத்தி நனையவே இல்லை ஐயா. முழுசா முழுகல. இன்னொரு தடவை…" என்று இழுத்தார்.

இவர் முகத்தில் ரத்தமே இல்லை. ஈக்காட்டுத்தாங்கலில் சாமான்களை அளந்துவிட்டு வீட்டுக்கு வருகிற மனிதர் இடுப்பு வரை கடலில் நிற்கிறார். எனக்காக இதற்கு மேல் ஒருவர் என்ன செய்ய முடியும்? "இது போதும் பாஸ்டர். எனக்கு இது போதும்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

"போதாது" என்றார் இவர்.

நானும் பாஸ்டரும் இவரைப் பார்த்தோம்.

"ஒரு வருஷமாப் பாத்தேன். அந்தச் சொல்லுக்கு முழுசா உள்ள போறதுன்னுதான் அர்த்தம். தெளிக்கிறது இல்லை. அவ கேட்டது அதுதான், அதையே கொடுங்க." பிறகு என்னிடம், "நான் கையை எடுத்துடறேன். கை இருந்தா தூக்கிடுவேன்" என்றார்.

பிடரியிலிருந்து கையை எடுத்தார். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். பாஸ்டர் என்னைச் சாய்த்தார். இந்தத் தடவை வானம் போனது, சத்தம் போனது, நெற்றிக்கு மேல் தண்ணீர் மூடியது. அந்த ஒரு கணத்தில் நான் கடவுளை நினைத்திருக்க வேண்டும். மேலே ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதைத்தான் நினைத்தேன். அது இரண்டும் வேறு வேறு என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றவில்லை.

எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். கரையில் பாட்டு ஆரம்பித்திருந்தது. இவர் அதே இடத்தில், அதே மாதிரி, கண்ணை மூடாமல் நின்றுகொண்டிருந்தார். கன்னத்தில் வழிந்தது கடல் தண்ணீர் இல்லை. கைகள் இன்னும் பின்னால்தான் இருந்தன.

"வந்துட்டியா?" என்று கேட்டார்.

"வந்துட்டேங்க" என்றேன்.